மாடித்தோட்டப் பாதுகாப்புச் சாமான்கள்: எதற்குக் காசு தரலாம், எதை விட்டுவிடலாம்

தோட்டச் சாமான் விற்கும் இணையக் கடைகளில் ‘பாதுகாப்பு’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது நகக் கையுறை. பச்சை ரப்பர் பூச்சு, ஒரு கையின் விரல் நுனிகளில் கறுப்பு பிளாஸ்டிக் நகங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த பொலபொலப்பான மண்கலவையில் நாற்றுக்குக் குழி பறிக்க அது போதும். காய்ந்த செம்மண்ணிலோ களிமண்ணிலோ நாலு தடவை கிளறினால் நகம் கையோடு திரும்பி வராது. அதைவிடப் பெரிய குறை, நகத்தை ஒட்டிய இடத்தில்தான் ரப்பர் முதலில் கிழியும். கிழிசல் வழியாக உள்ளே போன ஈரமண் விரல் இடுக்கில் ஒரு மணி நேரம் ஊறும். கையைக் காக்க வாங்கியதே மண்ணைக் கையோடு கட்டி வைக்கிற பையாகிவிடும். வேண்டாம்.

மண்ணுக்கு எதற்கு இத்தனை பயம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தொழுவுரத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் வருடக்கணக்கில் கிடக்கும். ‘துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ரணஜன்னி’ என்பது பாதி உண்மை. துருவுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, ஆணியில் ஒட்டிய மண்தான் காரணம். இன்னொன்று நம்மில் பலர் பேரே கேள்விப்படாதது: மெலியாய்டோசிஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஈரமண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, தோல் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் குறிப்பாகப் பிடிக்கும். நிமோனியா, கல்லீரலில் சீழ்க்கட்டி, ரத்தத்தில் கிருமி என்று பல வேஷத்தில் வருவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். ஓய்வு பெற்ற பிறகு மாடித்தோட்டம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குக் கையுறை அலங்காரம் அல்ல.

சரி, எந்தக் கையுறை? ஹார்டுவேர் கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெள்ளை நூல் கையுறைதான் மிக மலிவு. செங்கல் தூக்க நல்லது. தோட்டத்துக்குக் கெட்டது, ஏனென்றால் நூல் தண்ணீரை உறிஞ்சும். சாணக் கரைசலோ பூச்சிமருந்தோ பட்டால் அதைத் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். வெறுங்கையில் பட்டிருந்தால் உடனே கழுவியிருப்பீர்கள்.

அடுத்தது உள்ளங்கைக்கு மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசிய பின்னல் கையுறை. மண் வேலைக்கு எங்கள் தேர்வு இதுதான். பிடி வழுக்காது, விதையைக்கூட எடுக்கலாம், புறங்கை பின்னலாக இருப்பதால் வியர்வை குறைவு. வாங்கும்போது ‘இஎன் 388’ என்ற ஐரோப்பியத் தரக் குறியும் அதன் கீழே வரிசையாக எண்களும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. விற்பவர்கள் நான்காவது எண்ணைக் காட்டி ‘முள் ஏறாது சார்’ என்பார்கள். நம்பவேண்டாம். அந்தச் சோதனையில் குத்திப் பார்ப்பது 4.5 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகுக் கம்பி. ரோஜா முள்ளும் எலுமிச்சை முள்ளும் அதைவிட எவ்வளவோ கூர்மை, பின்னலின் கண்ணுக்குள் நேராக நுழைந்துவிடும். எண் எதுவானாலும் முள்செடி கவாத்துக்கு முழங்கை வரை நீளும் தோல் கையுறைதான் சரி. ரோஜாவும் காகிதப்பூவும் இல்லாத வீட்டுக்கு அது தேவையில்லை.

மூன்றாவது, மருந்து தெளிக்க. இதற்குப் பின்னலே இல்லாத முழு நைட்ரைல் கையுறை வேண்டும், மணிக்கட்டைத் தாண்டி நீளமாக. பெட்டியில் நூறு வரும் மெல்லிய நீலக் கையுறையை ஒருமுறை போட்டுவிட்டு எறிவதானால் பயன்படுத்தலாம்; அதையே கழுவிக் கழுவிப் போட்டால் விரல் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். காற்றை ஊதி முறுக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும். சமையலறைப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை பரவாயில்லையா? சோப்புக் கரைசலுக்குப் பரவாயில்லை. எண்ணெய்க் கரைப்பானில் வரும் மருந்துகளுக்கு அது தாங்காது, லேடெக்ஸ் ஊறி இளகிவிடும்.

ஆக இரண்டு ஜோடி: மண்ணுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. மாற்றிப் போடக் கூடாது. மருந்துக் கையுறையைக் கழற்றும் முன் கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்; இல்லையென்றால் கழற்றுகிற கையில் அவ்வளவும் ஒட்டும்.

முள்ளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. முள்ளில் ஒட்டியிருக்கும் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை உள்ளே போனால் சில வாரம் கழித்துக் குத்திய இடத்தில் வலியில்லாத சின்னக் கட்டி வரும், பிறகு கையில் மேல்நோக்கிக் கயிற்றில் மணி கோத்ததுபோல் வரிசையாகக் கட்டிகள். ஆறாத புண் என்று களிம்பு மேல் களிம்பாகப் பூசிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பூஞ்சைக்கான மாத்திரை மாதக்கணக்கில் தேவை, அதனால் மருத்துவரிடம் ‘தோட்டத்தில் முள் குத்தியது’ என்று சொல்ல வேண்டும். காலில் குத்தினால் கதை வேறு. வெறுங்காலில் முள் ஏறி, மண்ணின் கிருமி உள்ளே தங்கி, வருடக்கணக்கில் பாதம் வீங்கித் துளை துளையாகச் சீழ் வடியும் நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் ‘மதுரா பாதம்’ என்று பெயர். நம் மதுரைதான், 1842-ல் அங்கிருந்த ஆங்கிலேய மருத்துவர் கில் பதிவு செய்ததால் வந்த பெயர். அதனால் செருப்பு விஷயத்தில் விவாதமே வேண்டாம். மாடிக்கு விரல் மூடிய ரப்பர் காலணி போதும், பாசி பிடித்த தளத்தில் வழுக்காத அடிப்பாகம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். தரைத் தோட்டத்துக்குக் கணுக்காலைத் தாண்டும் பிவிசி கம்பூட். மழைத்தண்ணீர் தேங்கிய மண்ணில் எலிக்காய்ச்சலும் கொக்கிப்புழுவும், குப்பைமேட்டில் பாம்பும் தேளும் என்று அது ஒரே சாமானில் நாலு வேலை செய்கிறது. போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

முகக்கவசம் விஷயத்தில் மக்கள் காசை வீணாக்குவது அதிகம். மூன்றடுக்கு நீல முகக்கவசம் ஓரங்களில் காற்றை அப்படியே விடும். மண்கலவைத் தூசுக்கு அது திரை மட்டும். துணி முகக்கவசமும் அப்படியே. என்95, அல்லது இந்தியத் தர எண் ஐஎஸ் 9473 அச்சிட்ட எஃப்எஃப்பி2 வாங்குங்கள். மூக்குக் கம்பியை அழுத்திப் போட்டுக்கொண்டு பலமாக மூச்சு விடும்போது கண்ணருகே காற்று வந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். தாடிக்காரர்களுக்கு எந்த விலைக்கும் பொருந்தாது.

எப்போது தேவை? பெர்லைட் (மண்ணில் கலக்கும் வெள்ளைக் குருணை) பையைத் திறக்கும்போது, காய்ந்த கோகோபீட்டை உதிர்க்கும்போது, காய்ந்த தொழுவுரம் சலிக்கும்போது, நாள்பட்ட மட்கு மூட்டையைக் கொட்டும்போது. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்ப் பொடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையில் (கிட்) வரும் 200 கிராம் டிரைக்கோடெர்மா பொட்டலத்தைப் பலர் திருநீறு தூவுவதுபோல் தூவுகிறார்கள். டால்க் மாவில் கலந்த உயிருள்ள பூஞ்சை வித்து அது. ஆஸ்துமா உள்ளவருக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கும் மூச்சில் போகக் கூடாதது. ஈரமான மட்கு உரத்தில் பொடியைப் பிசறி, அதைத் தொட்டிக்குப் போட்டால் தூசும் எழாது, பூஞ்சையும் நன்றாகப் பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மண்கலவைப் பைகளின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா மண்கலவையிலும் மட்கிலும் வளர்ந்து நிமோனியா உண்டாக்குவது அங்கே நன்றாகத் தெரிந்த விஷயம். அங்கே சொல்லித்தரும் பழக்கம் எல்லா ஊருக்கும் பொருந்தும்: பையைப் பல்லாலோ கையாலோ கிழிக்காமல் கத்தரியால் வெட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொள், கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளி, முடித்ததும் சோப்பால் கை கழுவு. பூவாளியில் இரண்டு குவளைத் தண்ணீர் தெளிப்பது தூசு எழுவதையே குறைக்கும், காசும் இல்லை. கோகோபீட்டை உடைக்கவே வேண்டாம். 5 கிலோ கட்டியைப் பெரிய தொட்டியில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தானே பொங்கி உதிரும். இரண்டு முறை அலசினால் உப்பும் போகும்.

ஒன்றை மறக்கக் கூடாது: என்95 தூசுக்கு மட்டும்தான். பூச்சிமருந்தின் ஆவியை அது துளியும் தடுக்காது. மருந்து வாடை உள்ளே வருகிறது என்றால் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். மாடியில் பத்துப் பன்னிரண்டு கத்திரிச் செடிக்கு அப்படிப்பட்ட மருந்தே எதற்கு என்பது எங்கள் கேள்வி.

கண்ணுக்கான கண்ணாடியை யாரும் வாங்குவதில்லை. இந்தப் பட்டியலிலேயே காசுக்கு மிக அதிகப் பலன் தருவது அதுதான். மதுரை மாவட்டத்தில் 1993-ல் எடுத்த கணக்கில் வருடத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது. நம் பக்கத்துக் கருவிழிப் புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருவது. இலை, வைக்கோல், குச்சி கண்ணில் கீறுவதுதான் வழக்கமான தொடக்கம். மூங்கில் குச்சி நட்டுத் தக்காளியைக் கட்டும்போது குனிகிறோமே, அங்கேதான் ஆபத்து. குச்சியின் நுனியில் காலி பாட்டில் மூடியோ தேங்காய்ச் சிரட்டையோ கவிழ்த்து வையுங்கள். கண்ணாடி வாங்கும்போது ‘இஎன் 166’ என்ற ஐரோப்பியத் தரக் குறியும் பக்கவாட்டு மறைப்பும் பாருங்கள். மருந்து தெளிக்கப் பக்கங்கள் முழுதும் மூடிய காகிள்ஸ். அதன் சட்டகத்தில் 3 என்ற எண் இருந்தால் துளிகளைத் தடுக்கும் என்று பொருள். ஓட்டை போட்ட காற்றுவழி உள்ளது மலிவு, ஆனால் துளியும் உள்ளே வரும்.

கண்ணில் கீறல் பட்டுவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதுவும் ஊற்றக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து முதல் நாள் சுகமாக இருக்கும், உள்ளே பூஞ்சையை உரம் போட்டு வளர்க்கும். எருக்கம்பால் இன்னும் ஏமாற்றும். பூச்சி விரட்டும் ஐந்திலைக் கரைசலுக்கு எருக்கிலை ஒடிக்கும்போது பால் தெறித்தால் பெரும்பாலும் வலிக்காது. மறுநாள் பார்வை பனிமூட்டம் போல் மங்கும். வலிக்கவில்லையே என்று இருக்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திருகுகள்ளிப் பாலுக்கும் இதே கதி, அது வலிக்கவும் செய்யும்.

ஸ்பிரேயருக்கு வருவோம். மாடிக்கு 2 லிட்டர் பிரஷர் ஸ்பிரேயர் போதும். 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் நிரப்பினால் முதுகில் 20 கிலோவை நெருங்கும், முப்பது தொட்டிக்கு அந்தச் சுமை வீண். வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டே. பித்தளை நாசில், அழுத்தம் வெளியேற்றும் வால்வு. வால்வு இல்லாத மலிவு வகையில் மூடியைத் திருகினால் கரைசல் முகத்தில் பீச்சும். வால்வு இருந்தாலும் அதை இழுத்துச் சீறல் நின்ற பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். ஒன்றரை லிட்டருக்கு மேல் நிரப்பினால் காற்றுக்கு இடமில்லாமல் பம்ப் அடித்துக்கொண்டே இருக்க நேரும்.

விசைக்குப் பக்கத்தில் கசிவது இந்த வகையின் பொதுவான நோய். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எண்ணெயில் உப்பிவிடுவதுதான் காரணம். தெளித்து முடித்ததும் சோப்புத் தண்ணீர், பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் என்று மூன்று அலசல் செய்தால் பல மாதம் வரும். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. பழைய பல்துலக்கியும் தண்ணீருமே போதும். பெரும்பாலும் அடைப்பது தூசு அல்ல; உப்புத்தண்ணீரில் சோப்புத் திரிந்து கட்டுவதுதான். மழைத்தண்ணீரோ குடிநீரோ எடுத்துத் துணியில் வடிகட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். உரக் கரைசலுக்கு ஒரு ஸ்பிரேயர், பூச்சிமருந்துக்கு இன்னொன்று, பெயின்டால் பெரிதாகக் குறி போட்டு வைக்கவும்.

உள்ளே ஊற்றுகிற சாமான்களில் வேப்பெண்ணெய்க்கு நல்ல மதிப்பெண் தரலாம், ஓர் எச்சரிக்கையோடு. 3 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 30 மில்லி. இளநாற்றுக்கு 5 முதல் 10 மில்லி போதும். சோப்புக் கரைசலை முதலில் எண்ணெயில் ஊற்றிப் பால்போல் வெளுக்கும்வரை கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் எண்ணெய் மேலே மிதக்கும், கடைசித் தெளிப்பு முழுதும் எண்ணெயாகி இலை கருகும். உச்சி வெயிலில் தெளித்தாலும் கருகும். எச்சரிக்கை இது: இயற்கை என்பதால் குழந்தைக்கு ஆகாதது ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை தவறு. சின்னக் குழந்தைகளுக்கு ஓரிரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் உள்ளே போனதிலேயே வாந்தி, மயக்கம், வலிப்பு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. தண்ணீர் பாட்டிலில் மிச்சத்தை ஊற்றி அடுப்படி அலமாரியில் வைக்கிற பழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம்.

ரசாயன மருந்து வாங்கியே தீருவேன் என்றால் லேபிளில் சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. வீட்டு மாடியில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடமே இல்லை. உரக்கடையில் லேபிள் இல்லாமல் கவரில் கட்டித் தரும் ‘குருணை மருந்து’ வாங்காதீர்கள். அது ஃபோரேட்டாக இருந்தால் 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டிலேயே தடை செய்யப்பட்டது. டைக்ளோர்வாஸ் மருந்துக்கும் அதே நாளில்தான் தடை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005-லேயே தடை. பழைய புட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தால் அது சேமிப்பு அல்ல. தெளித்த பிறகு வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, மூச்சு இறுகினால் மோர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைக்கவும். போட்டிருக்கும் உடையைக் கழற்றி உடம்பைச் சோப்பால் கழுவவும், லேபிளை மருத்துவரிடம் காட்டவும்.

வீட்டில் தயாரிக்கும் கரைசல்களில் பஞ்சகவ்யத்துக்குத் துணி மூடிதான் சரியான மூடி. மீன் அமிலத்தைக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் கலனில் வாய்வரை நிரப்பாமல் மூடியைத் தளர்த்தி வையுங்கள். சாணக் கரைசலைக் கீரை மேல் தெளிப்பதைத் தவிர்த்து வேருக்கு ஊற்றுவது நல்லது. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்கு இது இன்னும் முக்கியம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு விற்பனையில் சக்கைப்போடு போடுகிறது. தரை கறைபடாது என்பது உண்மை. டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் வர 7 முதல் 10 நாள் போதும் என்பதும் உண்மை. வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்க முடியாதவர்கள் தட்டில் மணல் நிரப்பிவிடலாம்.

பழைய ரசாயன டிரம்மை அறுத்து விற்கிறார்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் கீரை போடாதீர்கள். உடைந்த சிமெண்டு கல்நார் ஓட்டைப் பாத்திக் கரையாக நடுவது, அதை அறுப்பது இரண்டும் கூடாது. கல்நார்த் தூசுக்கு எந்த வீட்டு முகக்கவசமும் பதில் அல்ல. மழைக்கு வரும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் பொறுக்க வேண்டாம், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் எலிப்புழு அதில் இருக்கலாம். மண் கையுறையோடு எடுத்து உப்புக் கரைசல் வாளியில் போடவும்.

ஐந்து பொருள் ‘கருவி செட்’ பரிசாகக் கொடுக்க அழகாக இருக்கும். கரண்டி வளையும், கவாத்துக் கத்தரியின் பூட்டு முதல் மழையிலேயே துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்கும். கத்தரி மட்டும் தனியாக, பிரித்துத் தீட்டக்கூடியதாக வாங்குங்கள். மொண்ணைக் கத்தரிக்குத்தான் பலம் கூட்டி அழுத்துகிறோம், அப்போதுதான் மற்ற கையின் விரல் மாட்டுகிறது.

எந்தத் தோட்டக் கடையிலும் விற்காத ஒன்று பாக்கி: டிடி (Td) தடுப்பூசி. முன்பு போட்ட டிடி (TT) ரணஜன்னிக்கு மட்டும். இப்போது தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்த்து வருகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை. மண்பட்ட காயமாக இருந்து கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போடச் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். போட்ட தேதியைக் கையுறை தொங்கும் ஆணிக்குப் பக்கத்துச் சுவரிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த முறை எப்போது என்று அங்கேதான் கண்ணில் படும்.